பார்க்க: ஹாஸ்ப்

நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து நானூற்றுப் பத்தொன்பதுக்கும், பத்தொன்பதிலிருந்து திரும்பப் பன்னிரண்டுக்குமாக மரகதவல்லி ஏழாவது தடவையாகப் போய்வந்தாள். ஏழு தடவையும் போன இடத்தில் ஆளில்லை. பன்னிரண்டில், இடது பத்தியில், கீழேயிருந்து நாலாவது வரி: ஹாப்ஸ், பழைய வடிவம், பார்க்க ஹாஸ்ப். சரி, வழக்கொழிந்த சொல், உயிரோடிருக்கிற சொல்லிடம் ஆளை அனுப்புகிறது, நியாயம்தான். ஏழு பக்கம் தள்ளிப் பத்தொன்பதுக்குப் போனால், வலது பத்தியில் நட்டநடுவில்: ஹாஸ்ப், பார்க்க ஹாப்ஸ். அவ்வளவுதான், அடுத்த வரியில் வேறு சொல் ஆரம்பமாகிவிடுகிறது. பொருள் என்று ஒன்று கிடையாது. அது இரும்பா மரமா, கதவில் இருப்பதா கழுத்தில் இருப்பதா, ஒரு வார்த்தை இல்லை. தாலுகா ஆபீசில் இந்த மேஜைக்காரர் அந்த மேஜையைக் காட்ட, அந்த மேஜைக்காரர் ஏறிட்டுப் பார்க்காமல் இந்த மேஜையைக் காட்டுவாரே, அப்படி. எந்த ஊரிலோ ஒரு வக்கீல் குமாஸ்தா, சங்கரன்கோவில் என்றே வைத்துக்கொள்ளலாம், பழைய பத்திரம் ஒன்றை மொழிபெயர்க்க உட்கார்ந்து, இந்தத் தடித்த இங்கிலீஷ்-தமிழ் அகராதியை நம்பிப் பிரித்து, பன்னிரண்டிலிருந்து பத்தொன்பதுக்கும் பத்தொன்பதிலிருந்து பன்னிரண்டுக்கும் அலைந்து, கடைசியில் இதை எழுதின மகராசி யார் என்று முதல் பக்கத்தைத் திருப்புவார். அங்கே இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று அவளுடையது, மற்றது எதிர் மேஜையில் உட்கார்ந்து தன் பேனாக்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கிற தாணுலிங்கத்துடையது.

மணி மூன்றேகால். நாலு மணிக்கு மிக்கேல் மாடியேறி வருவார். கீழே இந்தப் பாளையங்கோட்டை அச்சகத்தின் போர்மேன் அவர். பதினாறு பக்கத்தையும் மிஷினில் ஏற்றிப் பூட்டி, ஒரே ஒரு தாள் மட்டும் அடித்து மேலே அனுப்பியிருக்கிறார். இதில் இருவரும் கையெழுத்துப் போட்டால் மிஷின் ஓடும், அகராதி முடிந்துவிடும். ஒன்பது வருஷ வேலை. இந்த அறையில் முதலில் ஆறு பேர் இருந்தார்கள், பிறகு நாலு, பிறகு இரண்டு. இஸட் போன வருஷமே முடிந்துவிட்டது. ஹெச் மட்டும் தங்கிப்போனது, அதுவும் மழையால். ஓடு ஒழுகி, சொல்லுக்கு ஒன்றாக எழுதி வைத்த அட்டைகள் இருந்த ஹெச் பெட்டி நனைந்து, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மை கலைந்து, இரண்டாயிரம் அட்டையையும் முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. அப்போது இருவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள், மேலுக்கு. உள்ளுக்குள் மரகதவல்லிக்கு, இன்னும் இரண்டு வருஷம் என்று ஒரு நிம்மதி வந்தது. அப்படி நிம்மதிப்பட்டதற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது. இன்றைக்கு அந்த இரண்டு வருஷமும் தீர்ந்துவிட்டது. நாலே முக்காலுக்கு மதுரை பஸ். மதுரையிலிருந்து ரயில். தாணுலிங்கத்தின் மகள் பம்பாயில் இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி, அப்பா இனிமேல் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று நாலு கடிதம் போட்டுவிட்டாள். மனைவி போய்ப் பதினோரு வருஷமாகிறது. ஐம்பத்தொரு வயது. மரகதவல்லிக்கு நாற்பத்து நாலு. இந்தக் கணக்கையும் அவள் ஏழு தடவைக்குக் குறையாமல் போட்டுப் பார்த்திருக்கிறாள், போட்டதும் அழித்திருக்கிறாள்.

எப்படி நடந்தது இது. இருவரில் யாரும் கவனக்குறைவான ஆள் இல்லை. ஒருவர் எழுதிய அட்டையை அவரே சரிபார்க்கக் கூடாது என்பது இங்கே வைத்திருக்கிற வழக்கம். அவர் எழுதியதை அவள் பார்ப்பாள், அவள் எழுதியதை அவர் பார்ப்பார். அச்சுத்தாள் வந்தால் ஒருவர் அட்டையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு வாசிக்க, மற்றவர் தாளில் விரலை ஓட்டுவார். காற்புள்ளியைக் காற்புள்ளி என்றும் பார்க்க என்பதைப் பார்க்க என்றும் சொல்லிச் சொல்லி, ஒன்பது வருஷத்தில் அவர் குரலில் அவள் கேட்காத இங்கிலீஷ் சொல் இல்லை. அவருக்கு உணர்ச்சியே இல்லாத வாசிப்பு. காதல் என்றாலும் கழுதை என்றாலும் ஒரே சுருதிதான். ஆனால் பிற்பகலில், சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டரை மணிக்கு மேல் அந்தக் குரல் கொஞ்சம் இறங்கும். தொண்டையில் ஒரு கரகரப்பு சேரும். அப்போது அவள் விரல் ஓடும், கண் ஓடும், காது மட்டும் சொல்லை விட்டுவிட்டுக் குரலைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதுதான். அப்படித்தான் விட்டிருக்க வேண்டும். ஹாப்ஸைத் திங்கட்கிழமை வாசித்தார்கள், ஹாஸ்ப்பைப் புதன்கிழமை. பார்க்க என்று வந்தால், போய்ச்சேருகிற இடத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று ஒரு டிக் போடுவது வழக்கம். இருந்தது. போட்டார்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள் இருக்கிறதா என்று யார் போய்ப் பார்க்கிறார்கள். மின்விசிறி தாளைத் தூக்கியது. அவள் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். மை இன்னும் காயவில்லை, கையில் ஒட்டியது. பார்த்தால் கட்டைவிரலுக்குக் கீழே தலைகீழாக ஏதோ இரண்டு எழுத்து. துடைக்கக் கைக்குட்டையைத் தேடினாள். நேற்றுக் கொண்டுவந்த கைக்குட்டை இன்றைக்கு எங்கே. பையில் இல்லை. துவைத்துக் கொடியில் போட்டது போட்டபடியே இருக்கும். கொடியிலிருந்து எடுத்தோமா, பின்கதவைச் சாத்தினோமா.

சாத்தியிருப்பாள். சாத்தாத நாள் கிடையாது. அப்பா போனதற்குப் பிறகு அந்த வீட்டில் நாலு கதவுக்கும் அவள்தான் ஒருத்தி. காலையில் வெளியிலிருந்து பூட்டுகிறாள், சாயங்காலம் வந்து உள்ளிருந்து போட்டுக்கொள்கிறாள். வெளியிலிருந்து பூட்டும்போது பயம் இல்லை. உள்ளிருந்து போடுகிற அந்த ஒரு சத்தம்தான், இரும்பில் இரும்பு விழுகிற சத்தம், அது விழுந்ததும் வீடு சட்டென்று பெரிதாகிவிடும். முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்கு உள்ளேயிருந்து அப்பா, வந்துட்டியா என்பார். வந்துட்டேன் என்று சொல்லி முடிப்பதற்குள் ரேடியோவை வைக்கச் சொல்வார். எரிச்சலாக இருக்கும். இப்போது யாராவது அந்த மாதிரி எரிச்சல்படுத்த மாட்டார்களா என்றிருக்கிறது. ஒருநாள் உள்ளேயே விழுந்து கிடந்தால் வெளியிலிருந்து எப்படித் திறப்பார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறாள். பதறி ஒன்றும் இல்லை, அகராதிக்காரியின் நிதானத்தோடுதான். அடுத்த வீட்டு ஜோதி கதவைத் தட்டுவாள். பிறகு அவள் புருஷனைக் கூப்பிடுவாள். அவர் கடப்பாரையைத் தேடுவார். நிலையில் அடித்திருக்கிற வளையம் முதலில் பெயர்ந்து வரும், அது பழசு. வளையமா, பட்டையா. அவள் வீட்டில் வளையத்துக்குப் பேர் நாதாங்கி. அதில் போய் மாட்டிக்கொள்கிற பட்டைக்குப் பேர் கொண்டி. பிறந்ததிலிருந்து அப்படித்தான். நாகர்கோவிலிலிருந்து ஒரு மனுஷன் வந்து, இல்லை, பட்டைதான் நாதாங்கி, வளையம்தான் கொண்டி என்று சொல்லும் வரைக்கும் அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தாள்.

மூன்று நாள் சண்டை அது. ஹெச் அட்டைகளை இரண்டாம் முறை எழுதிக்கொண்டிருந்த சமயம். பழைய சொற்களெல்லாம் அவர் பங்கு, வாழ்கிற சொற்கள் அவள் பங்கு. அவர் இங்கே வருவதற்கு முன்னால் மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் இருந்தவர். அங்கே சரக்குக் கிட்டங்கியில் கிடந்த பழைய சாமான் பட்டியல்களையும் கடிதங்களையும் மழைக்காலத்தில் வேலையில்லாமல் வாசித்து வாசித்தே இங்கிலீஷின் பழங்காலத்தைப் பிடித்துக்கொண்டார். கதவைப் பூட்டுவதற்காகக் கீல் வைத்துத் தொங்கவிடுகிற அந்த இரும்புப் பட்டையை, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்க்காரர்கள் ஹாப்ஸ் என்று சொன்னார்களாம். பிறகு வாய் குழறி ப்-பும் ஸ்-ஸும் இடம் மாறி உட்கார்ந்து ஹாஸ்ப் ஆகி, அதுவே ராஜபாட்டையில் நடந்துவிட்டது. பழசு எங்கோ கிராமங்களில் பதுங்கிக்கொண்டது. ஆனால் அந்த எஸ்டேட் பட்டியலில், ஏதோ ஒரு கிராமத்துத் துரை, இரும்பு ஹாப்ஸ் இரண்டு என்று தன் கையால் எழுதி வைத்திருந்தான். அந்த மேற்கோளை அட்டையில் எழுதிவிட்டுத் தாணுலிங்கம் அன்றைக்குத் தேநீரைக்கூடக் குடிக்காமல் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். அதற்குப் பொருள் எழுதும்போதுதான் வினை. “நாதாங்கின்னு போட்டிரலாம்” என்றார். “நாதாங்கி வளையம்லா சார், இது கொண்டி” என்றாள் அவள். “எங்க ஊர்ல இதாக்கும் நாதாங்கி.” “ஒங்க ஊர்ல சொன்னா ஆச்சா.” அவர் தச்சரிடம் கேட்டு வந்தார். அவள் ஜோதியைக் கேட்டு வந்தாள். தச்சர் இவள் பக்கம் பேசியிருந்தார், ஜோதி அவர் பக்கம். மூன்றாம் நாள் இரண்டு பேரும் மார்க்கெட்டில் ஓர் இரும்புக் கடைக்கே போய் நின்றார்கள். கடைக்காரர் இரண்டையும் எடுத்து மேஜைமேல் போட்டுவிட்டு, “ரெண்டும் சேந்து ஒரு செட்டு. தனியா தர மாட்டோம். பேரு எதுவா இருந்தா ஒங்களுக்கு என்ன, கதவு நிக்கணும்லா” என்றார். அவர் சிரித்தார். அவளும் சிரித்திருக்கலாம். சிரிக்காமல் குடையை விரித்துக்கொண்டு வந்துவிட்டாள். வெயில்கூட இல்லை அன்றைக்கு.

மறுநாள் காலை ஆபீசுக்குச் சீக்கிரம் வந்தாள். தன் பெட்டியிலிருந்து ஹாஸ்ப் அட்டையை எடுத்தாள். எழுதியிருந்த கொண்டியை அடித்தாள். வாழ்கிற சொல்லில்தான் பொருள் இருக்க வேண்டும், பழைய சொல்லிலிருந்து அதற்கு ஆளை அனுப்ப வேண்டும், அதுதான் விதி. ஆனால் பழைய சொல்லுக்கு நல்ல மேற்கோள் கிடைத்திருந்தால் பொருளை அங்கேயே வைக்கலாம் என்று விதியில் ஒரு சந்து உண்டு. அந்தச் சந்து வழியாகப் போய், பார்க்க ஹாப்ஸ் என்று எழுதினாள். போகட்டும், அவர் நாதாங்கி என்றே எழுதிக்கொள்ளட்டும். அவர் மேற்கோள், அவர் எஸ்டேட், அவர் ஊர்ப் பேச்சு. சரிபார்க்கும்போது இந்த அட்டையைப் பார்ப்பார், நிமிர்ந்து பார்ப்பார், அந்த முகத்தை எதிரே உட்கார்ந்து பார்க்கலாம் என்று நினைத்திருந்தாள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அந்த முகம் கிடைக்காதே. அன்று மத்தியானம் ஜோதி ஆள் அனுப்பினாள், அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று. பிறகு இருபது நாள். திரும்பி வந்தபோது, இடையில் வந்துபோன ஒரு தற்காலிக ஆள் சரிபார்த்து முடித்து, அந்தப் பெட்டி கயிறு கட்டி அலமாரியில் ஏறியிருந்தது. அவளுக்கும் அதுவரை இருந்த ஞாபகமெல்லாம் ஒரு மழையில் நனைந்த மாதிரி ஆகியிருந்தது. ஹாஸ்ப்பை அடியோடு மறந்துபோனாள். இன்றைக்கு, இந்த மூன்றேகால் மணிக்கு, விரல் தற்செயலாகப் பத்தொன்பதில் நின்று, அங்கிருந்து பன்னிரண்டுக்குப் போன பிறகுதான் தெரிகிறது. அதே நாளில் எதிர் மேஜையில் இருந்தவரும் தன் நாதாங்கியை அடித்துவிட்டு, பார்க்க ஹாஸ்ப் என்று எழுதியிருக்கிறார். அந்தம்மா கொண்டி என்றே எழுதிக்கொள்ளட்டும், போகட்டும். மேற்கோளைக்கூட எடுத்துவிட்டிருக்கிறார். தேநீர் குடிக்காமல் சந்தோஷப்பட்ட அந்த மேற்கோளை. அவளுக்கு நெஞ்சில் ஏதோ இளகியது.

எதிரே தாணுலிங்கம் இழுப்பறையைத் திறந்து மூடினார். மூக்குக்கண்ணாடிக் கூடு, இருமல் மாத்திரை, ஒரு பழைய காலண்டர், அதில் எதையோ பார்த்துவிட்டுக் கிழித்துக் கூடையில் போட்டார். அவள் பக்கம் பார்த்தார். பார்த்ததும் அவள் தாளைப் பார்த்தாள். அவள் நிமிர்ந்தபோது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைத்தான் ஒன்பது வருஷமாகச் செய்துவருகிறார்கள், இதற்குச் சம்பளம் கிடையாது. மூன்று வாரத்துக்கு முன்னால், மகளின் நாலாவது கடிதம் வந்த அன்று, அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “வரச் சொல்லி எழுதியிருக்கா. என்ன செய்யட்டும் டீச்சர்?” என்றார். இங்கே வருவதற்கு முன் அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தவள், அந்த டீச்சர் இன்னும் விடவில்லை. என்ன செய்யட்டும். அதை எவ்வளவு மெதுவாகக் கேட்டார். நாற்பத்து நாலு வயதுக்காரிக்கு அதற்குள் என்ன இருக்கிறதென்று தெரியாதா. தெரிந்தது. தெரிந்த உடனே உள்ளங்கால் குளிர்ந்துபோனது. வாய், தன்பாட்டுக்கு, “அது ஒங்க இஷ்டம்லா சார், நான் என்ன சொல்ல” என்றது. அவர் தலையாட்டினார். மறுநாள் டிக்கெட் எடுத்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தை அவள் அன்றிலிருந்து எத்தனை விதமாகத் திருத்தி எழுதியிருக்கிறாள் என்று சொன்னால் வெட்கக்கேடு. தலை வாரும்போது ஒன்று, பாத்திரம் தேய்க்கும்போது ஒன்று. ஒருவேளை அவர் அப்படிக் கேட்கவே இல்லையோ. வெறுமனே, பஸ்ஸில் போவதா ரயிலில் போவதா என்பது மாதிரி கேட்டாரோ. அப்படியிருந்து, இவள் வாயைத் திறந்து ஏதாவது சொல்லி, அவர் மரியாதையாக, ஐயோ டீச்சர், அப்படி இல்லை என்று சொல்லிவிட்டால். அந்த மரியாதையை நினைத்தால்தான் பயம். அவர் கோபப்பட்டால் தாங்கிக்கொள்ளலாம்.

இப்போது இது கையில் கிடைத்திருக்கிறது. சொல்லிவிட்டால் போதும். சார், இங்க பாருங்க, பெரிய தப்பு. பொருளை எழுதி, மேற்கோளையும் சேர்த்தால் மூன்று வரி கூடும். மூன்று வரியை வேறெங்காவது குறைக்க வேண்டும், பக்கத்தைப் பிரிக்க வேண்டும், திரும்பப் பூட்டி, திரும்பத் தாள் அடித்து, திரும்ப இருவரும் வாசித்து, திரும்ப இரண்டு கையெழுத்து. இரண்டு மணி நேரம் எங்கே போகும். நாலே முக்கால் பஸ் போய்விடும், மதுரை ரயில் போய்விடும். அவர் நாளைக்கும் இருப்பார். ஒரு தப்பு ஆளைப் பிடித்து வைக்கும். அவளாக ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. அகராதி கேட்கும், சங்கரன்கோவில் குமாஸ்தா கேட்பார். இவ்வளவு வசதியாக ஒரு காரணம் வந்து மடியில் விழுந்ததை நினைத்து ஒரு நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அடுத்த நிமிஷம் அந்தச் சந்தோஷத்தைப் பிடிக்கவில்லை. அகராதிக்காகச் சொல்கிறாயா, உனக்காகச் சொல்கிறாயா. அகராதிக்காகத்தான். அப்படியென்றால் ஏன் இருபது நிமிஷமாகச் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறாய். பஸ்ஸைத் தவறவிட வைக்கவா. தவறவிட்டு அவர் நாளைக்குப் போனால் என்ன செய்வாய், இன்னொரு தப்பைத் தேடுவாயா. தேடினால் கிடைக்கும், ஆயிரத்து இருநூறு பக்கம் இருக்கிறது. சும்மா இருந்துவிட்டாலோ. யார் பார்க்கப்போகிறார்கள், ஹாஸ்ப் என்ன தினமும் புழங்குகிற சொல்லா. அவர் நிம்மதியாகப் பஸ் ஏறுவார், இருவர் பெயருக்குக் கீழே இந்தப் பொட்டல் மட்டும் இருக்கும், அவளுக்கு மட்டும் தெரியும். சாயங்காலம் வீட்டுக்குப் போய், உள்ளிருந்து அந்தச் சத்தம். வேண்டாம், அது முடியாது. பென்சிலை எடுத்தாள். எந்த மூன்று வரியைக் குறைக்கலாம் என்று பத்தொன்பதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது, கண் அந்த வரியின் நீளத்தை அளந்தது. பார்க்க ஹாப்ஸ். இரண்டு சொல். அந்த இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நாதாங்கி என்று ஒரே ஒரு சொல்லைப் போட்டால் வரி அப்படியே நிற்கும். பக்கத்தைப் பிரிக்க வேண்டாம், மிஷினிலேயே ஐந்து நிமிஷம். மேற்கோள் போனால் போகிறது, பழசிலிருந்து புதுசுக்கு அனுப்புவது விதிப்படி ஏற்கனவே சரியாகவே இருக்கிறது. ஒன்பது வருஷம் இந்த வேலை பார்த்தவளுக்கு இது முதல் நிமிஷத்திலேயே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மனசு தோன்றவிடவில்லை, கள்ள மனசு. பென்சிலால் எழுதினாள். எழுதி முடித்ததும், அவரைப் பிடித்து வைக்க அவளிடம் ஒரு காரணமும் இல்லாமல் போனது.

படியில் செருப்புச் சத்தம். நாலு அடித்ததா என்று தெரியவில்லை, மிக்கேல் வந்துவிட்டார். கையில் மைக்கறை, தோளில் துண்டு. “டீச்சர், மிசினு நிக்குது. கையெழுத்துப் போட்டுத் தந்தீயன்னா ஓட்டிருவேன்.”

“ஒரு திருத்தம் இருக்கு” என்றாள். குரல் நன்றாகத்தான் வந்தது. “பத்தொன்பதுல ஹாஸ்ப். பார்க்க ஹாப்ஸ்ங்கறத எடுத்துட்டு நாதாங்கின்னு போடுங்க. ரெண்டு எடத்துலயும் பொருள் இல்லாம விட்டிருக்கோம். தப்பு என்னுது.”

தாணுலிங்கம் எழுந்து வந்தார். தாளைக் குனிந்து பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து, நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மிக்கேலிடம் நீட்டினார். மிக்கேல் பிரித்து, கண்ணைச் சுருக்கி வாசித்தார். “இதுல கொண்டின்னுல்லா இருக்கு. டீச்சர் நாதாங்கிங்கறாக. எதப் போட?”

“டீச்சர் சொல்லுகத போடுங்க” என்றார் அவர்.

“சார் எழுதினத போடுங்க” என்றாள் அவள்.

மிக்கேல் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கு ஐந்து பிள்ளைகள், இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் நேரம் இல்லாத ஆள். “எடம் இருக்கு. ரெண்டையும் போட்டுருதேன்” என்றார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

சீட்டு மேஜைமேல் கிடந்தது. மேல் ஓரத்தில், அட்டைகளில் போடுகிற வழக்கத்தில், தேதி போட்டிருந்தார். நேற்றைய தேதி.

“நேத்தே பாத்துட்டீங்களா?”

“நேத்து மத்தியானம் பழைய அச்சுத்தாள்ல பாத்தேன்.”

“ஏன் சொல்லல?”

“நீங்க பாத்துச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

“நான் பாக்காமலே விட்டிருந்தா?”

“மிக்கேல் கையில குடுத்துட்டு, பஸ்ஸுக்குப் போயிருப்பேன்” என்றார் தாணுலிங்கம். அட்டையை வாசிக்கிற மாதிரி, அதே சுருதியில். பையை எடுத்துத் தோளில் மாட்டினார். மணி நாலு இருபது.

அவளுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நேரமும் இளகி இளகி வந்தது எல்லாம் போய், சுத்தமான கோபம். நேற்று மத்தியானத்திலிருந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்து, பேனா துடைத்துக்கொண்டு. நான் சொல்வேன் என்று இவர், இவர் சொல்வார் என்று நான். ஊரில் ஒரு மனுஷன் கேட்டால் சிரிக்க மாட்டானா. மூன்று வாரமாக ஒருத்தி பாத்திரம் தேய்த்துத் தேய்த்து வாக்கியம் திருத்தியிருக்கிறாள். அவர் வாசலை நோக்கி இரண்டு அடி வைத்தார், மூன்றாவது அடியை மெதுவாக வைத்தார். அந்த மூன்றாவது அடியைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துபோனது. இந்த மனுஷன் கடைசிவரை கேட்க மாட்டார். தான் சொல்லாவிட்டால் இவர் இப்படி மெதுமெதுவாக நடந்தே பம்பாய் போய்ச்சேர்ந்துவிடுவார். பயம் இருந்தது, அது எங்கேயும் போகவில்லை, உள்ளங்காலில் அதே இடத்தில்தான் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

“சார்.”

நின்றார்.

“என்ன செய்யட்டும்னு அன்னைக்கு என்கிட்ட கேட்டீங்க. ஒங்க இஷ்டம்னு சொன்னேன். அது பொய். எனக்கு ஒரு இஷ்டம் இருந்தது, இப்பவும் இருக்கு.” மூச்சை எடுத்துக்கொண்டாள். “போகாதீங்க. எனக்கு நீங்க வேணும்.”

கீழே மிஷின் ஓட ஆரம்பித்தது. தரை லேசாக அதிர்ந்தது. தாணுலிங்கம் திரும்பவில்லை. அவர் காது சிவப்பதை மட்டும் அவள் பின்னாலிருந்து பார்த்தாள். ஐம்பத்தொரு வயதில் காது சிவக்குமா என்று நினைத்தாள். பிறகு அவர் தோளிலிருந்து பையைக் கழற்றி, எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, தன் மேஜைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“மக ஸ்டேஷனுக்கு வந்து நிப்பா” என்றார். “அவகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?”

நீங்களே பார்த்துச் சொல்லுங்க என்று பழைய வாய் ஒருமுறை எழுந்தது. அதை அவள் பேசவிடவில்லை.

“பாளையங்கோட்டையில மரகதவல்லின்னு ஒருத்தி இருக்கான்னு சொல்லுங்க.”